மாணவரின் பொழுதைப் பங்கிட்டவர்கள்

தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பை எதிர்நோக்கும் பள்ளி மாணவர் ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவதும், பள்ளிக்கு முன்னும் பின்னும் தனி வகுப்புகளுக்குச் செல்வதும், இரவில் அன்றைய பாடத்தைத் திரும்பப் படித்துவிட்டுப் படுப்பதும் அவரவர் ஒழுக்கத்தையும் ஊக்கத்தையும் பொறுத்த சொந்தப் பழக்கங்கள் என்றே பெரும்பாலும் கருதப்படுகின்றன. கடந்த இருநூறு ஆண்டுக் கல்வி வரலாற்றைப் பார்த்தால், மாணவருடைய பொழுதை எப்படிப் பங்கிடுவது என்பதை மாணவர் முடிவுசெய்த காலம் மிகக் குறைவு என்பதும், அந்தப் பங்கீடு ஒவ்வொரு தலைமுறையிலும் பள்ளியை நடத்தியவர்களாலும் தேர்வை வகுத்தவர்களாலும் மாற்றி அமைக்கப்பட்டு வந்தது என்பதும் தெரியவரும்.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றும்போது தென்னிந்தியக் கிராமங்களில் பரவலாக இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ நடந்த இப்பள்ளிகளைப் பற்றிச் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். ஆட்சியர்கள் அனுப்பிய மறுமொழிகளுள் பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதியது மாணவரின் பொழுதைப் பற்றி மிக விரிவாகப் பேசுகிறது. பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கும்; முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாவதாக வருபவன் கையில் சுழி ஒன்று போடப்படும், அவன் பாராட்டுக்கும் உரியவனல்லன் பழிப்புக்கும் உரியவனல்லன் என்பது அதன் கருத்து; மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வோர் அடி கூடிக்கொண்டே போகும். கடிகாரம் இல்லாத ஊரில் நேரந்தவறாமையைக் கற்பிக்க இதைவிடச் சிக்கனமான முறையைக் கண்டுபிடிப்பது கடினம். இம்முறையில் நேரம் தவறியவன் என்று எவரும் இல்லை என்பதும், தனக்கு முன்னால் எத்தனை பேர் வந்துவிட்டார்கள் என்பதே ஒவ்வொருவனுடைய தாமதத்தின் அளவு என்பதும் கவனிக்கத்தக்கவை. தரவரிசை என்ற எண்ணம் அச்சிட்ட முடிவுப் பட்டியலோடு வந்ததன்று. அது விடியற்காலையிலேயே உள்ளங்கையில் எழுதப்பட்டு விட்டது.

திண்ணைப் பள்ளியில் கற்றவற்றின் மையம் எண்ணும் எழுத்தும் ஆகும். மணலில் விரலால் எழுதி எழுத்தைப் பழகிய பின், எண்சுவடி எனப்படும் வாய்பாட்டு நூலை மாணவர்கள் மனப்பாடம் செய்தனர். மா, காணி, முந்திரி என்று இறங்கும் பின்ன அளவுகள் கீழ்வாய் இலக்கம் என்றும், ஒன்று முதல் மேலே செல்லும் முழு எண்கள் மேல்வாய் இலக்கம் என்றும் வழங்கின. நெல் அளப்பதற்கும் நிலம் அளப்பதற்கும் வேண்டிய கணக்கு நாவிலேயே இருக்க வேண்டும் என்பதால், மாலைதோறும் முறை சொல்லுதல் நடைபெற்றது. அதாவது, ஆசிரியருக்குத் துணையாக நியமிக்கப்பட்ட மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை உரக்கச் சொல்ல, மற்றவர் அனைவரும் ஒருமித்துத் திருப்பிச் சொல்லுவர். பள்ளி கலையும்போது ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ ஊரின் பெயரையோ சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலையில் அதை மறவாமல் திருப்பிச் சொல்லச் செய்வதும் உண்டு என்பதை உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். வீட்டுப்பாடம் என்பதன் பழைய வடிவம் இதுவே எனலாம். ஏடும் எழுத்தாணியும் வீட்டுக்குச் செல்லாவிட்டாலும் ஒரு சொல் சென்றது, அதை இரவு முழுவதும் மனத்தில் வைத்திருப்பதே பயிற்சியாக இருந்தது.

ஓய்வுநாள்களைப் பஞ்சாங்கம் தீர்மானித்தது. அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த பிரதமை, அட்டமி ஆகிய நாள்களில் பாடம் இல்லை. இந்த விடுமுறைக்கு வாவு என்று பெயர். ஞாயிறு விடுமுறை என்பது கிறித்தவச் சமயப் பள்ளிகளோடும் அரசு அலுவலகங்களோடும் வந்தது. சந்திரனைக் கொண்டு எண்ணிய படிப்புக் காலம் ஏழு நாள் வாரத்துக்கு மாறியபோது, பாடத்தை வாரத்துக்கு இத்தனை மணி என்று பங்கிடும் வசதி முதன்முதலாகக் கிடைத்தது. வகுப்பு நேர அட்டவணை என்ற ஒன்று எழுதப்பட வேண்டுமானால் ஒவ்வொரு வாரமும் ஒரே அளவுடையதாக இருக்க வேண்டும் அல்லவா?

இம்மாற்றத்தில் சென்னைக்கு ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்காக நடந்த ஆதரவில்லத்தின் மேற்பார்வையாளராக இருந்த ஆண்ட்ரு பெல், அக்கம்பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தெடுத்து 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. மணலும் மூத்த மாணவனும் கடல் கடந்து சென்ற அதே காலத்தை அடுத்து, மணியும் கடிகாரமும் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1823இல் தொடங்கிய செமினரி, மாணவர் தங்கிப் படிக்கும் உயர்கல்விக் கூடமாக இருந்தது. வீட்டு வேலையும் வயல் வேலையும் குறுக்கிடாத நாள் ஒன்றை மாணவருக்கு உண்டாக்கித் தருவதே விடுதிக் கல்வியின் நோக்கங்களுள் ஒன்று. அங்கே பயின்ற சி.வை.தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர் என்பது, அந்த ஏற்பாட்டின் வலிமைக்கு ஓரளவு சான்றாகும்.

1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் எதையும் கற்பிக்கவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலை. பல்கலைக்கழகப் படிப்புக்குள் நுழைவதற்கான மெட்ரிகுலேஷன் தேர்வு, அதுவரை ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த பள்ளிப் படிப்பு முழுவதையும் ஒரே தேதியை நோக்கித் திருப்பிவிட்டது. திண்ணைப் பள்ளியில் மாணவன் தன் வேகத்தில் ஒரு சுவடியை முடித்து அடுத்த சுவடிக்குச் சென்றான். அவனுக்குப் ‘பாடம் முடியவில்லை’ என்ற அச்சம் கிடையாது. இனி எல்லாருக்கும் ஒரே நாளில் முடிந்தாக வேண்டும். அத்துடன் 1860களில் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த மானிய முறை ஒன்று, ஆய்வாளர் நடத்தும் சோதனையில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பள்ளிக்குப் பணம் கொடுத்தது. ஆசிரியரின் வருமானம் மாணவரின் தேர்ச்சியோடு கட்டப்பட்டதும், தேர்வுக்கு வருவதைப் படிப்பது, வராததை விடுவது என்ற பழக்கம் ஆசிரியரிடமிருந்தே தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைஸ்ராய் கர்சன் பிரபுவும் அவர் அமைத்த 1902ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக ஆணையமும் இந்திய மாணவர் பொருள் உணராமல் உருப்போடுகின்றனர் என்று குறைப்பட்டுக்கொண்டதில் உண்மை இருந்தது; ஆனால் உருப்போடுவதற்குப் பரிசு வழங்கிய ஏற்பாட்டை உண்டாக்கியவர்கள் யார் என்பதை அந்தக் குறைப்பாடு எளிதாகக் கடந்து சென்றது. முறை சொல்லுதலில் மனப்பாடம் செய்த வாய்பாடு மறுநாளே களத்துமேட்டில் பயன்பட்டது. அயல்மொழியில் மனப்பாடம் செய்த இங்கிலாந்து வரலாற்றுக்குத் தேர்வுத்தாளுக்கு வெளியே பயன் ஏதும் இல்லை.

பல பாடங்களுக்கிடையே நேரத்தைப் பங்கிட வேண்டிய கட்டாயம் இத்தேர்வு முறையின் நேரடி விளைவாகும். அதற்கு உட்பட மறுத்தவர்களுள் உலகறிந்தவர் கும்பகோணத்து சீனிவாச இராமானுஜன். டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 1,200 மாணவர்களையும் மூன்று டசன் ஆசிரியர்களையும் மோதலின்றிப் பொருத்த வேண்டிய பள்ளி நேர அட்டவணையைத் தயாரிக்கும் வேலையை, மூத்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் இச்சிறுவனிடம் ஒப்படைத்து வந்தார். 1903ஆம் ஆண்டு டிசம்பரில் மெட்ரிகுலேஷன் தேறி, உதவித்தொகையுடன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களைப் புறக்கணித்ததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. எனப்படும் இடைநிலைத் தேர்வை 1906இலும் 1907இலும் எழுதியும் தேறவில்லை. ஒரு பள்ளி முழுவதின் மணிக்கணக்கையும் சிக்கலின்றிப் பங்கிடத் தெரிந்தவருக்குத் தம் நாளைப் பங்கிடத் தெரியவில்லை என்று இதை விளக்குவது வழக்கம். அவருக்குத் தெரியாமல் இல்லை, அப்படிப் பங்கிடுவதில் அவர் பொருள் காணவில்லை என்று கொள்வதே பொருத்தம். எல்லாப் பாடத்திலும் குறைந்தபட்சம் தேற வேண்டும் என்ற விதி, ஒன்றிலேயே மூழ்குபவரைத் தோல்வியாளர் என்று மட்டுமே பதிவுசெய்ய அறிந்திருந்தது.

வேறு சிலருக்குப் பங்கிடுவதற்குப் பொழுதே கையில் இல்லை. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பருவமடைந்த பெண் பள்ளிக்குச் செல்லக்கூடாது என்ற வழக்கத்தால் வீட்டிலேயே பாடம் கேட்டு, 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். பின்னாளில் மருத்துவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் அறியப்பட்ட முத்துலட்சுமி ரெட்டி அவரே. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான திருவாரூர் முத்துசாமி ஐயர் தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தவர் என்ற செய்தி, நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வருகிறது. அச்செய்தி விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டாலும், அதிலிருந்து தெரியவரும் வேறொன்று உண்டு: படிப்பு நேரம் என்பது வெளிச்சத்தின் விலையைப் பொறுத்ததாகவும் இருந்தது. மண்ணெண்ணெய் வாங்கிச் சிம்னி விளக்கையோ அரிக்கேன் விளக்கையோ இரவு முழுவதும் எரிக்க முடியாத வீடுகளில் ‘விளக்கு வைத்த நேரம்’ முதல் சாப்பாட்டு நேரம் வரை கிடைத்ததே படிப்புப் பொழுது. விடியற்காலையில் படித்தால் மனத்தில் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்லிவந்ததற்குப் பிரம்ம முகூர்த்தம் காரணமாகக் காட்டப்பட்டது. ஒற்றை அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டில் சந்தடி இல்லாத நேரம் அது ஒன்றுதான் என்பதும் காரணமாக இருந்திருக்கும்.

மெட்ரிகுலேஷனின் இடத்தில் 1911 முதல் எஸ்.எஸ்.எல்.சி. எனப்படும் பள்ளி இறுதிச் சான்றிதழ் தேர்வு வந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே பேணப்பட்ட சான்றிதழ்ப் புத்தகத்தில் மதிப்பெண்களும் விவரங்களும் பதிவாயின, ‘எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்’ என்ற அந்தச் சிறு ஏடு பல வீடுகளில் நிலப்பத்திரத்தோடு ஒரே பெட்டியில் வைத்துக் காக்கப்பட்டது. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்ற மூன்று தேர்வுகளும் பள்ளியாண்டை மூன்றாக வகுத்தன. தேறாதவர்களுக்காக ஊர்தோறும் டுட்டோரியல் கல்லூரிகள் தோன்றின; பாடநூலுக்கு உரை எழுதி விடைகளையும் சேர்த்துக் கொடுத்த துணைநூல்கள் பெருகின. அவற்றுள் திருச்சி தூய வளனார் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் பெயரால் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட ‘கோனார் தமிழ் உரை’ பல தலைமுறைகளுக்குத் தமிழ்ப் பாடத்தின் மறுபெயராகவே ஆகிவிட்டது. செய்யுளை ஊன்றிப் படிக்க வேண்டிய பொழுதை உரை மிச்சப்படுத்தியது. மிச்சமான பொழுது கணக்குக்கும் அறிவியலுக்கும் போயிற்று.

பிள்ளையின் பகற்பொழுது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அரசியல் மேடைக்கே வந்த ஆண்டு 1953. முதலமைச்சர் இராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றத்தின்படி, வகுப்பு நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டு மாணவர் இரு பிரிவுகளாகப் பயின்றனர். எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது நிர்வாக நோக்கில் விளங்கக்கூடியதே. ஆயினும் செருப்புத் தைப்பவர் மகன் மாலையில் செருப்புத் தைக்கவும், வழக்கறிஞர் மகன் மாலையிலும் பாடம் படிக்கவும் வழி செய்கிற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் உடனே கண்டுகொண்டு, குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது; 1956இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், ஏழைப் பிள்ளையின் முழு நாளையும் பள்ளிக்குள் வைத்திருக்க முனைந்தது. தமிழகக் கல்வி வரலாற்றில் கால மேலாண்மை குறித்து நடந்த மிகப் பெரிய வாதம் இதுவே என்றால் மிகையாகாது.

பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு படிப்பது 1978 வரை வழக்கமாக இருந்தது. அவ்வாண்டில் பிளஸ் டூ எனப்படும் இரண்டாண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டுப் புகுமுக வகுப்பு பள்ளிக்குள் வந்து சேர்ந்தது. கல்லூரியில் கையாளப்பட வேண்டிய பதினேழு வயது, பள்ளிச் சீருடைக்குள்ளும் பள்ளி மணிக்குள்ளும் மீண்டும் அடைபட்டது. 1984 முதல் மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு மாநில நுழைவுத்தேர்வு நடத்தப்பட்டு, மேல்நிலை மதிப்பெண்ணிலிருந்து 200, நுழைவுத்தேர்விலிருந்து 100 எனக் கூட்டிச் சேர்க்கைக்கான கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. இந்தக் கணக்கு மாணவரின் பொழுதை எவ்வாறு வளைத்தது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று மதிப்பெண்கள் சுருக்கப்பட்டன. மொத்தம் 1,200 மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்காகிய 400, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உரியது, ஆனால் கட்-ஆஃப் கணக்கில் அவற்றுக்கு இடமே இல்லை. ஆகவே மொழிப்பாடங்களுக்குத் தேர்வுக்கு முந்திய சில நாள்களே ஒதுக்கப்பட்டன. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வினா வரும் என்பதை முன்கூட்டியே காட்டும் வினாத்தாள் வடிவமைப்பு ‘புளூபிரிண்ட்’ என்ற பெயரில் கைக்குக் கை மாறியது. அதைக் கொண்டு கடினமான பாடங்களைச் ‘சாய்ஸில் விடுவது’, அதாவது விருப்பத் தேர்வு வினாக்களின் எண்ணிக்கையைக் கணக்கிட்டு அவற்றைப் படிக்காமலே ஒதுக்குவது, ஒரு நுட்பமாகவே வளர்ந்தது. ஒரு மதிப்பெண் வினாக்களுக்குப் பாடநூலின் பின்பக்க வினாக்களே போதும் என்ற நிலையில், பாடநூலின் நடுப்பக்கங்கள் புதுக்கருக்குக் குலையாமல் இருந்தன.

நாமக்கல், இராசிபுரம் வட்டாரங்களில் தழைத்த தனியார் உறைவிடப் பள்ளிகள் இக்கணக்கைத் தொழிலாகவே ஆக்கின. விடியற்காலையில் எழுப்பும் மணி, காலைப் படிப்பு, வகுப்பு, அன்றாடச் சிறுதேர்வு, இரவு பத்து மணியையும் கடக்கும் மேற்பார்வைப் படிப்பு என்று மாணவருக்குத் தாமே முடிவுசெய்ய ஒரு மணி நேரமும் விடாத நாள் அங்கே வகுக்கப்பட்டது. பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயருக்கு நடத்திவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் திரும்பத் திரும்ப எழுதவைப்பது அம்முறையின் உயிர்நாடி. அந்த வட்டாரத்தின் கோழிப் பண்ணைகளை நினைத்துப் ‘பிராய்லர் பள்ளிகள்’ என்று விமர்சகர்கள் சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது. பெற்றோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். தம் வீட்டில் தர இயலாத அமைதியையும் கண்காணிப்பையும் விலை கொடுத்து வாங்கினர் என்றே இதைக் கொள்ள வேண்டும். வட்டுக்கோட்டையில் சமயத் தொண்டர்கள் உண்டாக்கித் தந்த இடையூறற்ற நாளின் வணிக வடிவம் அது.

நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு முதல் செயலுக்கு வந்தபின், மேல்நிலைத் தேர்வு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது. பதினோராம் வகுப்பைத் தாவிச் செல்வதும் அதனால் மேலும் வலுத்தது. 2017இல் மாநில அரசு ஒரே மூச்சில் பலவற்றை மாற்றியது. முதலிடம் பெற்றவர்களை அறிவிப்பது நின்றது. மொத்த மதிப்பெண் 1,200இலிருந்து 600 ஆக்கப்பட்டது. 2018 மார்ச் முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. தொலைந்துபோன ஓராண்டை மீட்பதற்கு மற்றொரு பொதுத்தேர்வைத் தவிர வேறு கருவி அரசிடம் இருக்கவில்லை என்பதில், தேர்வு எந்த அளவுக்குப் பள்ளியின் கடிகாரமாகிவிட்டது என்பதைக் காணலாம். தேர்வு எழுதும் நேரமும் மூன்று மணியிலிருந்து இரண்டரை மணியாகக் குறைந்து, பின்னர் மூன்று மணிக்கே திரும்பியது.

அதே 2017இல் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டில் கட்டாயமானது. பள்ளிப் பாடத்துக்கும் நீட் பாடத்துக்கும் ஒரே நாளில் இடம் காண முடியாதவர்கள், பள்ளியை முடித்தபின் ஓராண்டோ இரண்டாண்டோ முழுமையாகப் பயிற்சி மையத்தில் செலவிடத் தலைப்பட்டனர். அத்தகைய மாணவர் ‘ரிப்பீட்டர்’ எனப்பட்டனர். நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களுள் இவ்வாறு மீண்டும் முயன்றவர்களின் பங்கு 2016–17இல் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்து, 2020–21இல் 71 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. திண்ணைப் பள்ளியில் உள்ளங்கை அடியாகவும், எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் மண்ணெண்ணெய் அளவாகவும் கணக்கிடப்பட்ட படிப்புப் பொழுது, இப்போது ஆண்டுக்கு இத்தனை இலட்சம் என்று பயிற்சிக் கட்டணமாகக் கணக்கிடப்படுகிறது. அந்தக் கூடுதல் ஆண்டை வாங்க வசதியில்லாத அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2020இல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று.